இரும்புப் பூவை அடிக்கப்போகிற மகளுக்கு

ரேவதி, உன் நைனா எழுதுகிறேன். முதலில் நன்றாகச் சிரித்து முடித்துக்கொள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறெதுவும் அனுப்பத் தெரியாத மனுசன் நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறானே என்று உனக்குச் சந்தேகம் வரும். என் எழுத்துதான். ஐந்தாவது வரை தெலுங்கில் படித்தவன் நான். தமிழை வேலூர் பஸ்களின் பலகையிலும் உங்கம்மா வாங்கும் வாரப் பத்திரிகையிலும் பொறுக்கி எடுத்தவன். கொம்பும் காலும் இடம் மாறியிருந்ததையெல்லாம் உங்கம்மா பென்சிலால் திருத்தியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதே கடிதத்தின் இன்னொரு பிரதி வேறு ஓர் இடத்துக்குப் போகிறது. எங்கே என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஜாதி என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை வரிசையாகப் படி.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் காட்டிய வீடியோவை இதுவரை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. ஆட்டுத் தோல் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு, தலையில் வைக்கோல் தொப்பியோடு ஓர் ஆள் ஓடி வருகிறார். கையில் ஒரு கழி. கழியின் நுனியில் பாதி முட்டை ஓடு அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழியில் உருகிய இரும்பை வாங்கிக்கொண்டு, இன்னொரு கழியால் கீழேயிருந்து ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான், வானம் முழுக்கத் தங்கப் பூ. நான் இருபத்தெட்டு வருடமாகச் சித்தூரில் இதே இரும்பை உருக்குகிறவன். கரும்பு ஆலை உருளை, மோட்டார் பம்பு உடம்பு, சாக்கடை மூடி என்று எதற்கெல்லாமோ ஊற்றியிருக்கிறேன். இரும்பு சிந்தினால் ஓடு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மேலே வீசினால் அது பூக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! பட்டாசு வாங்க வசதியில்லாத கொல்லர்கள் பண்டிகைக்கு இப்படித்தான் கொண்டாடினார்களாம் என்று நீ சொன்னபோது, அந்தக் கொல்லர்கள் எனக்குப் பங்காளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். உங்கம்மாவிடம் சொன்னேன். "பங்காளின்னா சொத்துல பங்கு கேப்பாங்க, கம்முனு இரு" என்றாள்.

பிறகு நீ விசயத்துக்கு வந்தாய். கம்பெனி உன்னை அனுப்பியிருக்கிற சீனாவில் உன் கூட வேலை செய்கிற லின், உனக்கு அந்தச் சீனத்து மெஷினைச் சொல்லித்தருகிற பெண், அவளுடைய தாய்மாமன்தான் அந்த வீடியோவில் ஓடி வருகிறவர். அவர்கள் வீட்டில் புது வருசம் முடிந்து வருகிற பௌர்ணமியன்று ஆளுக்கு ஓர் அடி அடிப்பது வழக்கம். இந்த வருடம் லின்னுக்கு எட்டு மாதம். உலைப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். "எனக்கு பதிலா நீ அடி, என் குழந்தைக்காக அடி" என்று உன் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். இரும்பு இருக்கிற கழியை மாமனே பிடித்துக்கொள்வார், நீ கீழேயிருந்து அடித்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறாள். நீ மாட்டேன் என்றுவிட்டாய்.

"இவ்ளோ ஆசையா கேட்டுக்கினு கீறாங்க, போயி அடிக்கறதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"வேணாம் நைனா. அவங்க பண்டிக. நான் அடிச்சி ஏதாச்சும் ஆயிட்டா? என் கை இரும்புக்கு ஆவாது. நீதான எப்பவும் சொல்லுவ."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் உன் சிரிப்பு எனக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதை நான் கவனித்தேன் ரேவதி. கவனித்துவிட்டு, கவனிக்காதவன் மாதிரி "துன்னியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். எனக்கு வாய் அதிகம், ஆனால் வேண்டிய இடத்தில் அது வேலை செய்யாது.

நீ போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாய். அந்தக் கழியை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடுதான் இரும்பை வாங்குகிறார்கள் என்று. "போடி, ஈரக் கட்டையில இரும்ப ஊத்தினா ஆஸ்பத்திரிலதான் பூ பூக்கும்" என்றேன். உருகிய இரும்புக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மழை நாளில் உலை மூட்ட மாட்டோம். வியர்த்த கையோடு லேடிலைத் தொட்டால், அதுதான் இரும்பை அள்ளி ஊற்றுகிற பெரிய கரண்டி, கிழவர்கள் திட்டுவார்கள். அதனால் நீ சொன்னது எனக்கு இரண்டு நாள் தொண்டையில் முள்ளாக நின்றது. மூன்றாவது நாள் பொறுக்க முடியாமல் ஒரு புங்கங்கட்டையை வெட்டி, நுனியில் குழி தோண்டி, பட்டறைத் தொட்டியில் ஊறப்போட்டேன்.

முனிரத்தினம் மாமாவை உனக்கு மறந்திருக்காது. அச்சு மண் பிசைகிறவன், உனக்கு பொரி உருண்டை வாங்கித்தருவானே, அவன்தான். என்னோடு இத்தனை வருடம் இருந்தும் கெட்டுப்போகாத ஒரே ஆள். அவன் தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னாணா, கட்டைய ஊறுகா போட்டுக்கினு கீறியா?" என்றான். விவரம் சொன்னதும், "உனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? எழுதிக் குடுத்துட்டுப் பண்ணு" என்றான். சனிக்கிழமை ஊற்று வேலை முடிந்து, லேடிலின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரும்பு மீந்தது. முகக்கவசம், தோல் கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கட்டையை நீட்டினேன். முனிரத்தினம் மண் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கை மட்டும் வெளியே நீண்டு, "ஊத்துடா, ஊத்துடா" என்று லேடில்காரப் பையனுக்கு சைகை காட்டியது.

வெடிக்கவில்லை. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, குழியைச் சுற்றி நெருப்பு நாக்கை நீட்டியது, இரும்பு மட்டும் காய்ந்த தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர்ச் சொட்டு மாதிரி உருண்டு உருண்டு ஆடிக்கொண்டிருந்தது. மரத்தை அது தொடவேயில்லை. ஆவி அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிரில் அறிவும் உறைந்துவிட்டது போலிருக்கிறது, இன்னொரு கட்டையால் கீழேயிருந்து ஓங்கி அடித்துவிட்டேன். பின்சுவரில் மோதிப் பூத்தது பார், ரேவதி! உன் வீடியோவில் இருப்பது மல்லிகைப் பந்தல் என்றால் இது ஒற்றைக் கனகாம்பரம். ஆனாலும் பூதான். கொடியில் காய்ந்த முனிரத்தினத்தின் லுங்கியில் ஏழு ஓட்டை. சத்தம் கேட்டு ஓனர் ஓடி வந்து, "ஏமய்யா, இதி பட்டறையா, சர்க்கஸா?" என்று ஒரு பிடி பிடித்தார். திட்டி முடித்துவிட்டு, போகிற போக்கில் மெதுவாக, "இன்கோசாரி சேய்" என்றார். இன்னொரு தடவை செய்யச் சொல்கிறார்! இரும்பு தீர்ந்துவிட்டதால் பிழைத்தோம்.

டீ குடிக்கும்போதுதான் அது வந்தது. முனிரத்தினம் லுங்கியை விரித்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டே, யாரையும் மடக்குகிற எண்ணமே இல்லாமல் கேட்டான்: "ஏண்ணா, ஊறின கட்டையிலயே வெடிக்கலயே. அன்னிக்கு நம்ம பாப்பா நாலு சொட்டு தண்ணி சிந்தினதுக்கா லேடிலு அப்படித் தூக்கி அடிச்சிச்சி?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அந்தப் புங்கங்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்த நாளை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் உங்கம்மா உன்னைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போகிறதாகப் பேச்சு. எனக்குச் சோறு கொண்டுவந்தாய், ஒரு கையில் கேரியர், இன்னொரு கையில் பச்சை நிறத் தண்ணீர் பாட்டில். நைனா இரும்பு ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாய். அன்று காலையில்தான் லேடிலுக்கு உள்பூச்சு மண் புதிதாகப் பூசியிருந்தேன். புதுப் பூச்சைக் கரி நெருப்பின் மேல் கவிழ்த்து வைத்து மத்தியானம் தாண்டும்வரை காய்ச்ச வேண்டும். அது சட்டம். ஆனால் நீ பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும். அதற்குள் உனக்குக் காட்டிவிட வேண்டும், என் மகள் என்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலே தொட்டுப் பார்த்தேன், வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை என்று என் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தே எடுத்தேன்.

இரும்பை வாங்கிய நொடியில் லேடில் குமுறித் தூக்கி அடித்தது. என் இடது பூட்ஸுக்குள் ஒரு துளி. உன் இடது முழங்கைக்குக் கீழே ஒரு துளி. எல்லோரும் ஓடி வந்தார்கள். "ஈரம் எங்கேர்ந்து வந்துச்சி?" என்று யாரோ கேட்டார்கள். என்னைத்தான் கேட்டார்கள். உன் பச்சைப் பாட்டில் பக்கத்தில் உருண்டு கிடந்தது. நான் உன்னைப் பார்த்தேன், பாட்டிலைப் பார்த்தேன். "பாப்பா தண்ணிய சிந்திட்டா போல" என்றேன்.

நீ சிந்தவில்லை, ரேவதி. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாட்டில் மூடியே திறக்கவில்லை. தப்பு என் கையில் இருந்தது, அதைத் தூக்கி உன் கையில் வைத்தேன். லேடிலைக் காயவைக்கத் தெரியாதவன் என்று இருபது பேர் முன்னால் பெயர் வாங்கப் பயந்தேன். பத்து வயதுப் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். உண்மைதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு மிட்டாய்தான் கொடுத்தார்கள். நீ "நான் சிந்தல" என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நீ என் முகத்தைப் பார்த்தாய். நைனா சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாய். சிந்தினேனோ என்று யோசித்து யோசித்து, சிந்தினேன் என்றே நம்பிவிட்டாய்.

அதோடு விட்டேனா? அதை வேடிக்கையாக்கினேன். வேடிக்கையாக்கிவிட்டால் யாரும் உள்ளே கிளற மாட்டார்கள் என்று என் மாதிரி ஆட்களுக்குத் தெரியும். நீ மத்தாப்பு எடுத்தால், "ஏய், இவ கையில குடுக்காதீங்க, மத்தாப்பு அழுதுடும்" என்றேன். நீ அடுப்பு பற்றவைத்தால், "ஃபயர் இஞ்சினுக்குச் சொல்லிட்டியா?" என்றேன். உறவுக்காரர்கள் கல்யாணத்தில் "தண்ணி பாட்டிலு வருது, ஒதுங்கு" என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். நல்ல பெண், கேலியைத் தாங்குகிறாள் என்று பெருமைப்பட்டேன். உன்னைத் திருப்பதியில் கம்பெனி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்க்க வந்தபோது, உன் அறைத்தோழி சொன்னாள்: "அங்கிள், ரேவதி ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி மூணு தடவ கையத் துடைப்பா." கம்பெனியிலும் அப்படித்தானாம், மெஷினைத் தொடும் முன் மூன்று தடவை. சூப்பர்வைசர் அதைப் பாராட்டி உன்னை எல்லோருக்கும் உதாரணம் காட்டினாராம். பட்டறைக்கு வந்து நானும் மார்தட்டிக்கொண்டேன், என் மகள் சுத்தம் அப்படி, ஒழுங்கு அப்படி என்று. அந்தத் துடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவன்தான் அதிகமாகப் பேசுவான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையிலடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"கையில மருந்து வச்சிக் கட்டிக்கினு காணிப்பாக்கம் பஸ்ஸுல போனமே, கொழந்தைக்குத் தண்ணி குடுத்தேன். பாட்டில் கழுத்து வரைக்கும் ரொம்பிக் கெடந்துச்சி. சிந்தினது எது?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு. பதினாறு வருசமாச்சி." நறுக்கின காயைச் சட்டியில் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "அவ கையத் துடைக்கறதப் பாக்கும்போதெல்லாம் நான் சொல்லியிருக்கணும். உன் மானத்தப் பாத்து நானும் வாய மூடிக்கினேன். எழுதறதுதான் எழுதற, அதையும் சேத்து எழுது."

சேர்த்து எழுதிவிட்டேன்.

இரண்டு நாளாக அந்தப் புங்கங்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் லின்னுடைய மாமன் படித்தவரோ இல்லையோ, அவர் முன்னோர்கள் கண்டுபிடித்தது பெரிய விசயம். கட்டையில் இருக்கிற ஈரத்துக்கு வெளியே போக வழி இருக்கிறது. ஆவியாகி மேலே வந்து இரும்பையே தாங்கிப் பிடிக்கிறது. என் லேடிலில் இருந்த ஈரம் பூச்சுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. மேலே வெள்ளைவெளேரென்று காய்ந்த மண், உள்ளே போக்கிடம் இல்லாத தண்ணீர். அதுதான் தூக்கி அடித்தது. தண்ணீர்மேல் தப்பே இல்லை. இதைப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் கழித்து, சீனாவிலிருந்து என் மகள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல மேஸ்திரி நான்.

இப்போது நைனாவாக இல்லாமல் இரும்புக்காரனாக நாலு வார்த்தை சொல்கிறேன், கேட்டுக்கொள். உங்கம்மா அனுப்பிய பளபள சுடிதாரைப் போட்டுக்கொண்டு போகாதே. நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; பருத்தித் துணி போடு, அதன்மேல் அவர்கள் தருகிற தோல் கோட்டு. முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் விடு. காலை மூடுகிற ஷூ போடு, பேன்ட்டின் கால் ஷூவுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே சொருகினால் துளி நேராக உள்ளே போய்விடும். என் இடது காலைக் கேட்டுப்பார். நிற்கிற இடத்தை முந்தியே பார்த்து வை, பின்னால் ஓட வழி இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் சொன்னது எதையும் உன் இஷ்டத்துக்கு மாற்றாதே. இரும்பைப் பார்த்துக்கொண்டே நிற்காதே, கண் கூசிப்போகும்; கழியைப் பார், அவர் சொன்னதும் அடி. பாதி மனசோடு அடித்தால்தான் இரும்பு பக்கத்தில் விழும். முழுசாக அடித்தால் மேலே போகும். அவசரம் மட்டும் வேண்டாம். யார் காத்திருந்தாலும், எந்த பஸ் போனாலும் அவசரம் வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. ஒரு வாரம் போன் எடுக்காமல் இரு. திரும்பி வந்ததும் உன் பங்குக்கு என்னைப் பதினாறு வருடம் கேலி செய், நான் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, அதற்குள் லின்னிடம் போய், வருகிறேன் என்று சொல்லிவிடு. ஒரு பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் உன் கையை நம்பிக் கேட்டிருக்கிறார்கள். பெற்றவன் நம்பாத கையை அவர்கள் நம்பினார்கள். அது என்ன கை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசிப் பக்கம் வந்துவிட்டது. இதுவரை எழுதிய பக்கங்களின் இன்னொரு பிரதியை இன்று காலை பட்டறைப் பலகையில், வருகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அன்று இருபது பேர் முன்னால் சொன்னதை இருபது பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அந்த ஆட்களில் ஒன்பது பேர்தான் இப்போது இருக்கிறார்கள், மீதிப் பேருக்கு முனிரத்தினம் போன் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன்தான் பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். "பாப்பா தண்ணிய சிந்திட்டா போல" என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான். "த்தூ" என்றான். அப்புறம் மீதியைப் படித்தான். சாயங்காலம் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்: பச்சமண்ணு மேஸ்திரி. ஓனர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். காதுக்கு நன்றாகவே இருக்கிறது.

பௌர்ணமியன்று வீடியோ காலில் எங்களையும் சேர்த்துக்கொள். உங்கள் ஊரில் இருட்டும்போது எங்களுக்கு வெயிலே இறங்கியிருக்காது. பட்டறையிலேயே எல்லோரும் இருப்போம். முனிரத்தினம் ஏழு ஓட்டையையும் தைத்த லுங்கியைத்தான் கட்டிக்கொண்டு வருவானாம், அதுதான் ராசியாம். நான் வாயைத் திறக்க மாட்டேன், உங்கம்மாமேல் சத்தியம். அடிக்கும் முன்னால் உன் உள்ளங்கை வேர்க்கும். எனக்கும் இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் வேர்க்கிறது. வேர்க்கட்டும். துடைக்காதே. அப்படியே கழியை வாங்கு.

உன்
பச்சமண்ணு மேஸ்திரி